வெட்டாமல் விட்ட புளியமரம்

எண்பதுகளில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எங்கள் தெருமுனையில் ஒரு கிழட்டுப் புளியமரம் நின்றது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகிற சைக்கிள்களும் ஆவடி டாங்க் பாக்டரிக்குப் போகிற சைக்கிள்களும் அதன் நிழலில்தான் பிரியும். ஒரு பங்குனியில் அதன் பொந்தில் தேனீ குடியேறியது. பால்காரர் மாட்டைக் கொட்டியதும் தெரு இரண்டுபட்டது. ராத்திரி தீப்பந்தம் காட்டலாம் என்றது ஒரு கட்சி. மரத்தையே சாய்த்துவிடலாம் என்றது இன்னொன்று. "நெழல வெட்டிட்டு சித்திரைக்கு எங்கடா குந்துவீங்க?" என்று ஆயா சண்டைக்குப் போனாள்.

அப்பாவோடு டாங்க் பாக்டரியில் வேலை பார்த்த மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மரப்பெட்டியோடு வந்தார். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் 1924-லேயே கிராமப் பணியைத் தொடங்கி, தேனீ வளர்ப்பையும் கற்றுக்கொடுத்த ஊர்ப்பக்கம் அது. பொந்தை எட்டிப் பார்த்தவர், "இது மலைத்தேனீ இல்ல, பயப்படாண்டாம் மக்களே. அடுக்கடுக்கா அடை கட்டுற ஜாதி. பெட்டிக்குப் பழகும்" என்றார்.

தேங்காய் நாரைக் கொளுத்தி இரண்டே வாய் புகை விட்டார். புகை பட்டால் தேனீ தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், கொட்டும் வேகம் தணியும். பிறகு பொந்துக்குள் கைவிட்டு ஒவ்வோர் அடையாக அறுத்தெடுத்தார். மேற்பகுதித் தேனைச் சட்டியில் போட்டார். புழுக்கள் இருந்த கீழ்ப்பகுதியை மட்டும் மரச்சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டினார். பிள்ளைகளை விட்டுத் தேனீ லேசில் போகாதாம். கடைசியில் நீண்ட வயிற்றோடு ராணி தென்பட்டது. அதைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டு, பெட்டியைப் பொந்தின் வாய்க்கு நேராகக் கட்டினார். வாசலில் சில ஈக்கள் பின்பாகத்தைத் தூக்கிச் சிறகடித்தன. அந்த வாசனைக்கு மற்றவை கல்யாண வீட்டுக்குள் நுழைகிற உறவுக்காரர்கள் போல வரிசையாக உள்ளே போயின.

இருட்டியதும் வாசலைத் துணியால் அடைத்துப் பெட்டியை ஆவடிக்குக் கொண்டுபோனார். பக்கத்திலேயே வைத்தால் மேயப்போன ஈக்கள் பழைய பொந்துக்கே திரும்பிவிடும், கிலோமீட்டர் கணக்கில் தள்ளி வைக்க வேண்டும் என்றார். மெழுகு வாசனைக்கு அடுத்த கூட்டம் வராதபடி பொந்தைச் சுரண்டிக் களிமண்ணால் பூசினார். சட்டித் தேனைத் தெருவே நக்கியது, தீப்பந்தக் கட்சியும் சேர்த்து.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் புழுக்களைக் கொன்று, மார்த்தாண்டம் இருக்கிற குமரி மாவட்டத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலியாக்கியது. பெட்டி காலியானால் மறுபடி நிரப்பக் காட்டிலும் பொந்திலும் மிஞ்சிய கூடுகள்தாம் கதி. அப்படிப்பட்ட கூட்டைத்தான் நம் ஊரில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறோம். உங்கள் தெரு மரத்திலும் ஈ மொய்த்தால், கோடரிக்காரரைத் தேடாதீர்கள். தேனீ வளர்ப்பவரைத் தேடுங்கள். ஒரு சாயங்கால வேலைதான்.