கடற்கரைக்கு எந்த மிஷின்?

மாமா ஸ்காபரோவில இருந்து வட்ஸ்அப்பில கேட்டது சின்னக் கேள்விதான். "பிள்ளை, உப்புக் கடற்கரைக்கு எந்த மெட்டல் டிடெக்டர் நல்லம் எண்டு பார்த்துச் சொல்லு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரேக்கை கொண்டு வரப்போறன்." நான் கலைப்பீடம். காந்தப்புலத்தை ஓ/எல்லோட கும்பிட்டு அனுப்பின ஆள். ஆனால் அசைன்மென்ட் எழுதாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மாமாவிட்ட ஏற்கெனவே ஒண்டு இருக்கு. கோடையில வசாகா பீச்சில அதைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பார். காசு, மோதிரம், பியர் மூடி எண்டு படம் அனுப்புவார். (மூடிதான் கூட.) ஆனால் வசாகா நன்னீர்க் கரை. அதே மிஷினை முல்லைத்தீவு ஈரமணலில வச்சால் விடாமல் கத்தும். ஏன் எண்டு விளங்க எனக்கு ரெண்டு கிழமை எடுத்தது.

டிடெக்டரின் அடியில் இருக்கிற வட்டத்துக்குள்ள ஒரு கம்பிச்சுருள். அது மாறிக்கொண்டே இருக்கிற காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். உள்ளே உலோகம் இருந்தால் அதில் சின்னதாக மின்னோட்டம் உண்டாகி, ஒரு பதில் திரும்பி வரும். அந்தப் பதில் எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்து இது இரும்பு, இது வெள்ளி என்று மிஷின் ஊகிக்கும். சிக்கல் என்னவென்றால் உப்புத்தண்ணியும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே கடலே பதில் சொல்லத் தொடங்கிவிடும். அந்தப் பதிலும் மெல்லிய தங்கச் சங்கிலியின்ர பதிலும் மிஷினுக்குக் கிட்டத்தட்ட ஒண்டு. உப்பின் சத்தத்தை அடக்கினால் சங்கிலியும் சேர்ந்து அடங்கிப்போகும். காப்பு, மோதிரம் பரவாயில்லை. மூடின வளையம் எண்டதால மின்னோட்டம் நல்லாச் சுத்தும், பதிலும் பலமாக வரும்.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்று, ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி, பதில்களை ஒப்பிட்டு உப்பைக் கழிப்பது. மினெலாப் கம்பனியின்ர எக்ஸ்கலிபர் 1.5 தொடக்கம் 25.5 கிலோஹேர்ட்ஸ் வரை 17 அலைவரிசை. 2018இல் வந்த ஈக்குவினொக்ஸ் 800உம் பல அலைவரிசைதான், ஆனால் தண்ணிக்குள் 3 மீற்றர்தான் தாங்கும். மற்றது துடிப்பு முறை. கரெட் சீ ஹண்டர் அந்த வகை. ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக் கேட்கும். உப்பின் பதில் அதுக்கிடையில் செத்துப்போயிடும். எங்கட கரையில் வரிவரியாக் கிடக்கிற கறுப்பு மணலையும், புல்மோட்டையில் இல்மனைட்டுக்கு அள்ளுறமே அந்த இன மணல்தான், இது சமாளிக்கும். ஆனால் இரும்பா தங்கமா எண்டு இதுக்குச் சரியாப் பிரிக்கத் தெரியாது. எல்லாத்துக்கும் ஒரே சத்தம்.

எனக்குத் தீர்ப்பு லேசாக இருந்தது. தேடுறது அம்மம்மாவின்ர நகை. 2009 சித்திரையில் முள்ளிவாய்க்காலில், சேலையில தைச்ச மண்மூட்டை அடுக்கின பங்கருக்குப் பக்கத்தில அவ புதைச்சது. ஒரு அட்டியல், ரெண்டு சோடிக் காப்பு. அந்த மண்ணில் இரும்புத் துண்டுக்கு அளவே இல்லை. ஆகவே பல அலைவரிசை மிஷினை எடுத்து, இரும்பை நிப்பாட்டி வைக்க வேணும். பழக்கப்பட்ட ஆக்கள் எல்லாரும் சொல்லுற புத்தியும் அதுதான்.

இதை மாமாவுக்கு வொய்ஸ் போட்டுக்கொண்டு இருக்கேக்கை அம்மா அடுப்படியில இருந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறா.

"இரும்பை நிப்பாட்டினால் பேணி எப்பிடிக் கேட்கும்?"

"என்ன பேணி?"

"மைலோப் பேணிக்குள்ள போட்டுத்தானே அம்மம்மா தாட்டவா."

ரெண்டு கிழமையாகத் தங்கத்தைப் பற்றி வாசிச்ச எனக்கு இது ஒருத்தரும் சொல்லேல்ல. நானும் கேட்கேல்ல. நகை இரும்புக்குள்ள இருக்கு. நல்ல புத்தியைக் கேட்டு நடந்திருந்தால் மிஷின் அதுக்கு மேலால சத்தமில்லாமல் போயிருக்கவும் கூடும்.

அம்மாவுக்கு இந்த மிஷின்கள் புதுசில்லை. மீள்குடியேறி வந்த புதுசில கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் காணிக்குக் காணி குந்தியிருந்து ஆட்டின சத்தம் அவவுக்குத் தெரியும். மினெலாப் கண்ணிவெடிக்கும் மிஷின் செய்யிற கம்பனிதான் எண்டு சொன்னன். "தெரியாத இடத்தில சத்தம் கேட்டுட்டு அலவாங்கால இடிக்கிற வேலை ஒண்டும் வேண்டாம் எண்டு அவனுக்குச் சொல்லு" எண்டா. நியாயம்தான். வெடிக்காத செல்லும் இரும்புதான், பேணி மாதிரித்தான் சத்தம் போடும். அதைவிட ஸ்கானர் மிஷினோட புதையல் தோண்டினவை கைது எண்டு கிழமைக்கு ஒரு செய்தி வருது. முள்ளிவாய்க்காலில் மண்வெட்டியோட நிக்கிற கனடாக்காரரை ஆர் நம்பப்போகினம்?

இதையெல்லாம் மாமாவுக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்ல.

"தோண்டுறதுக்கு இல்லை பிள்ளை. ஐயாவை அதுக்குப் பக்கத்தில தானே வச்சவை."

தாத்தாவை. செல் பட்ட அண்டு இரவு, பேணி புதைச்ச இடத்தில இருந்து நாலைஞ்சு எட்டுத் தள்ளி. அடையாளத்துக்கு இருந்த ரெண்டு பனையும் இப்ப இல்லை. அம்மம்மா செத்து நாலு வருஷம். இடம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் குத்துமதிப்பாக. எலும்பை எந்த டிடெக்டரும் காட்டாது. கொக்குத்தொடுவாயில் 2023இல் எலும்புகள் வெளியில வந்ததும் தண்ணிக் குழாய்க்குக் கிடங்கு வெட்டேக்கைதான். ஆனால் பேணி கேட்கும். பேணி இருக்கிற இடம் தெரிஞ்சால், அதில நிண்டு நாலைஞ்சு எட்டு. மாமா 2001இல் வெளிக்கிட்டவர், செத்த வீட்டுக்கு வரேல்ல. வாறதுக்கு ஒரு வீடும் இருக்கேல்ல.

பிறகு என்ர தெரிவு முழுக்க மாறிப்போச்சு. துடிப்பு முறை, இரும்பையும் கேட்கிறது. பெரிய சுருள், ஏனெண்டால் நாணயம் அளவுச் சாமானுக்கு ஒரு அடி ஆழமே பெரிய விஷயம், பேணி அதைவிடக் கீழே. கண்ணிவெடி எடுத்து முடிச்ச பகுதிதானா எண்டு முதலில் விசாரிக்க வேணும். அம்மா வரமாட்டன் எண்டுதான் முதலில் நிண்டா. இப்ப, "நான் தூர நிண்டு கையைக் காட்டுறன்" எண்டுறா.

நேற்று இரவு படுத்துக்கிடந்தவ திடீரெண்டு கேட்டா. "பதினாறு வருஷம் உப்பு மண்ணுக்குள்ள கிடந்த பேணி துருப்பிடிச்சுக் கரைஞ்சிருக்குமே, அது கேட்குமோ?"

துரு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதை வாசிச்சிருக்கிறன். அவவுக்கு, தேடிப்பார்த்துச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியில வந்திட்டன்.