விசிலடிக்க வருகிற சனம்

2024 செப்டம்பர் 20, வெள்ளி இரவு

மணி பன்னிரண்டாகப் போகிறது. மகன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தபடி கைபேசியில் புள்ளிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முறைத்துப் பார்த்தால் மாறிவிடும் என்பதுபோல.

எங்கள் கெல்சன்கிர்ஷன் கழகமான ஷால்கே 04 இன்று சொந்த அரங்கில் டார்ம்ஸ்டாட்டுக்கு எதிராக மூன்று கோல் போட்டு முன்னுக்கு நின்றது. ஆட்டம் முடியும்போது 3–5. ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில், சொந்த ஊரில், சொந்தச் சனத்துக்கு முன்னால். எனக்கு உதைபந்தாட்ட ஞானம் அவ்வளவு கிடையாது. ஆனால் மூன்று கோல் முன்னால் நிற்பவன் ஐந்து கோல் வாங்குவது எப்படி என்று கேட்க ஞானம் தேவையில்லை.

கடைசி விசிலுக்குப் பிறகு சனம் அடித்த விசில்தான் இன்னும் காதுக்குள் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் மனோகரா தியேட்டரில் படம் பார்த்து வளர்ந்தவனுக்கு விசில் என்றால் கொண்டாட்டம். கதாநாயகன் திரையில் வந்தால் இரண்டு விரலை வாயில் வைப்போம். இங்கே விசில் வசவு. அறுபதாயிரம் பேர் இருக்கிற கூரை மூடிய அரங்கில் அதைக் கேட்டால் வயிறு கலங்கும். பக்கத்தில் நின்ற மனிசர், என் வயதுக்காரர், முகம் சிவக்கச் சிவக்க விசிலடித்துவிட்டு, வெளியே வந்ததும் எங்களுக்கு ஒரு பொரித்த சொசேஜ் வாங்கித் தந்தார். முன்பின் தெரியாத ஆள்.

302ஆம் இலக்க ட்ராமில் வரும்போது ஒருவரும் கதைக்கவில்லை. மத்திய நிலையத்தில் இறங்கும்போது மகன் கேட்டான்: “அப்பா, அடுத்த ஹோம் மட்ச்சுக்கும் ரிக்கற் எடுப்பமே?”

செப்டம்பர் 23, திங்கள்

பயிற்றுநர் காரெல் கெராட்ஸை அனுப்பிவிட்டார்கள். விளையாட்டு இயக்குநர் மார்க் வில்மொட்ஸையும். வில்மொட்ஸ் சும்மா ஆள் இல்லை. 1997இல் மிலானில் இன்டர் அணியைப் பெனால்டியில் வென்று யுஇஎஃப்ஏ கிண்ணம் எடுத்தபோது கடைசிப் பெனால்டியை அடித்தவர். கெல்சன்கிர்ஷன் முழுக்க அவர் படம் ஒட்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. நன்றி என்பது இந்த விளையாட்டில் இவ்வளவுதான்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இன்று காலை இதே கதைதான். இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், முப்பது வருசத்துக்கு மேல் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். காலைக் கோப்பியைக் கொண்டுபோனால் முதலில் ஷால்கே, பிறகுதான் வணக்கம். இன்று தன் தகப்பன் சொன்ன கதையைச் சொன்னார்.

1930இல் ஷால்கே வீரர்களுக்கு அனுமதித்த தொகைக்கு மேல் காசு கொடுத்தார்கள் என்று உதைபந்தாட்டச் சங்கம் முதல் அணியை மொத்தமாகத் தடைசெய்தது. கழகத்தின் நிதிப் பொறுப்பாளர் அந்த அவமானம் தாங்காமல் ரைன்–ஹேர்ன கால்வாயில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். தடை நீங்கி, 1931 ஜூன் 1ஆம் தேதி டூசல்டோர்ஃபின் ஃபோர்ச்சுனா அணியுடன் ஒரு சினேகபூர்வ ஆட்டம். கிண்ணமும் கிடையாது, புள்ளியும் கிடையாது. எழுபதாயிரம் பேர் வந்தார்கள். மைதானம் கொள்ளாமல் கோட்டுக்கு ஓரமாகவே சனம் நின்றதாம். “எங்கட அப்பர் அந்தக் கூட்டத்தில நிண்டவர்” என்று எங்கள் ஊர்க் கிழவன் சொல்வதுபோலத்தான் எனக்குக் கேட்டது. மூன்று வருசம் கழித்து ஷால்கே முதல் முறையாக ஜெர்மன் சாம்பியன் ஆனது.

கடைசியாகச் சாம்பியன் ஆனது 1958. அந்த இல்லத்தில் அதை நேரில் கண்டவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

நவம்பர் நடுப்பகுதி

கழகத்தின் பொதுக்கூட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் பற்றி அறிவித்திருக்கிறார்கள். ஒரு பங்கு 250 யூரோ. அந்தக் காசில் கூட்டுறவு அரங்கத்தின் பங்குகளை வாங்கும், கழகம் அந்தத் தொகையால் கடனைக் குறைக்கும். 2020 முடிவில் கடன் 200 மில்லியன் யூரோவைத் தாண்டியிருந்தது. பிறகு குறைந்திருக்கிறது, ஆனால் மூச்சு விடும் அளவுக்கு இல்லை. நூறு பங்கு வாங்கினவனுக்கும் ஒரு பங்கு வாங்கினவனுக்கும் ஒரே ஒரு வாக்கு.

மனைவி கேட்டா: “வட்டி வருமோ?”

வராது.

“பேந்து?”

பேந்து ஒன்றுமில்லை. அரங்கத்தில் ஒரு செங்கல் எங்களுடையது என்று நினைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இது புதுசாகத் தெரியவில்லை. ஊரில் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு மைதானச் சுற்றுமதில் கட்டச் சுவிஸ், கனடா, லண்டன் என்று காசு சேர்த்த பட்டியல் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அந்தக் கழகம் கடைசியாக எப்போது கிண்ணம் எடுத்தது என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. மதில் எத்தனை அடி உயரம் என்று கேளுங்கள், சண்டை வரும்.

ஜெர்மனியில் இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. கிழக்கு பெர்லினின் யூனியன் கழகத்துக்கு 2004இல் உரிமம் பெறக் காசில்லை. ரசிகர்கள் இரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த காசைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2008–09இல் அதே சனம், இரண்டாயிரம் பேருக்கு மேல், தங்கள் அரங்கத்தைத் தாங்களே கட்டினார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மணிநேரம் சம்பளமில்லாத வேலை. ஹம்பேர்க்கின் சங்க்ட் பவுலியும் இப்போது இப்படி ஒரு கூட்டுறவைத் தொடங்கியிருக்கிறது, அங்கே பங்கு 850 யூரோ.

கழகங்கள் இப்படி ரசிகர்களிடம் வருவதற்கு ஒரு லீக் விதியும் காரணம். இங்கிலாந்தில் ஒரு கோடீஸ்வரர் கழகத்தை வாங்கிவிட்டுப் போகலாம். இங்கே வாக்குரிமையில் பாதிக்கு மேல் தாய்க்கழகத்தின் அங்கத்தவர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி. ஷால்கே அதையும் தாண்டி, உதைபந்தாட்டப் பகுதியைத் தனிக் கம்பெனியாகக்கூடப் பிரிக்கவில்லை. இன்னும் பதிவு செய்த ஒரு சங்கம்தான். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் அங்கத்தவர்கள், சட்டப்படி எங்கள் ஊர் வாசிகசாலை மாதிரி.

டோர்ட்முண்டில் இருக்கிற கூட்டாளி இரவு போன் எடுத்தான். “என்ன மச்சான், உங்கட ஆக்கள் உண்டியல் குலுக்கிறாங்களாம்?” 2005 மார்ச்சில் டூசல்டோர்ஃப் விமான நிலையத்தில் முதலீட்டாளர்கள் கூடி, சரி பிழைத்துப் போகட்டும் என்று வாக்களித்திருக்காவிட்டால் அவனுடைய டோர்ட்முண்ட் அன்றைக்கே முடிந்திருக்கும். அதைச் சொன்னேன். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டான்.

டிசம்பர் 21, சனி

2018இல் இதே நாளில்தான் பக்கத்து ஊர் பொட்ரொப்பில் புரொஸ்பர்–ஹனியல் சுரங்கத்தை மூடினார்கள். ஜெர்மனியின் கடைசிக் கல்நிலக்கரிச் சுரங்கம். கடைசியாக வெட்டிய கரித்துண்டை ஜனாதிபதி ஸ்டைன்மையரின் கையில் கொடுத்தார்கள்.

கெல்சன்கிர்ஷனில் ஒரு காலத்தில் நான்கு லட்சத்தை நெருங்கிய சனம். இப்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு. வேலையில்லாதோர் வீதத்தில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிற நகரம். சுரங்கம் போனது, உருக்காலை போனது, கடைத்தெருவில் பெரிய கடைகள் போயின. கழகம் மட்டும் போகவில்லை. அரங்கத்துக்குள் வீரர்கள் வருகிற வழியைச் சுரங்கப் பாதை மாதிரியே கரிக் கறுப்பில் கட்டியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் அரங்கமே எழுந்து பழைய சுரங்கத் தொழிலாளர் பாட்டைப் பாடுகிறது. பாடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒருநாளும் நிலத்துக்குக் கீழே போனதில்லை. என் மகனும் பாடுகிறான். அவன் தாத்தா வலிகாமத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர்.

ஷால்கே வட்டாரத்தில் சென் ஜோசப் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடிச் சன்னலில் புனித அலோய்சியஸ், காலடியில் ஒரு பந்து. முதன்முதலில் பார்த்தபோது சிரித்தேன். பிறகு ஹம் நகரில் எங்கள் காமாட்சி அம்பாள் தேரின் வடத்தை நெடுஞ்சாலையோரத் தொழிற்பேட்டையில் இழுத்தபோது யோசித்தேன், எங்களைப் பார்த்துச் சிரித்த ஜெர்மன்காரர் எத்தனை பேரோ என்று.

2025 பெப்ரவரி

இந்த விசுவாசக் கதைகளை வாசிக்கும்போது எனக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

2020 ஜனவரியிலிருந்து 2021 ஜனவரி வரை ஷால்கே தொடர்ந்து 30 லீக் ஆட்டங்களில் வெல்லவில்லை. இன்னும் ஒன்று தவறியிருந்தால் 1965–66இல் டஸ்மானியா பெர்லின் வைத்த 31 ஆட்டச் சாதனையைத் தொட்டிருக்கும். 2021 ஜனவரி 9இல் மத்யூ ஹொப் என்ற பத்தொன்பது வயது அமெரிக்கப் பெடியன் ஹொஃபன்ஹைமுக்கு எதிராக மூன்று கோல் போட்டு மானத்தைக் காப்பாற்றினான். கொரோனா காலம், அரங்கம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரே பருவத்தில் ஐந்து பயிற்றுநர்கள். 34 ஆட்டத்தில் 16 புள்ளி.

ஏப்ரல் 20ஆம் தேதி பீலஃபெல்டில் 0–1 என்று தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். அன்றிரவு அணியின் பஸ் அரங்கத்துக்குத் திரும்பியபோது சில நூறு பேர் காத்து நின்றார்கள். முட்டை வீச்சு, வசை, பிறகு துரத்தித் துரத்தி அடி, உதை. வீரர்கள் இருட்டில் ஓடினார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளும் நீல வெள்ளை சால்வைதான் இருந்தது. கழகத்தின் மேல் உள்ள அன்பு என்று இதை மெழுகிவிட முடியாது. அது காடைத்தனம்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அடுத்த வருசமே, 2022 மே 7இல், சங்க்ட் பவுலிக்கு எதிராக 0–2 என்று பின்னுக்கு நின்று 3–2 என்று வென்று மேலே ஏறினார்கள். சனம் புல்லைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனது. 2023இல் திரும்பவும் கீழே. இறங்கினாலும் ஏறினாலும் அரங்கம் நிறைகிறது. டஸ்மானியாவின் ஒரு ஆட்டத்தை 1966இல் 827 பேர்தான் பார்த்தார்கள். அங்கே சனம் கைவிட்டது, கழகம் பாடம் படித்ததோ இல்லையோ, யாரும் ஏமாறவில்லை. இங்கே அறுபதாயிரம் பேர் எப்படியும் வருவார்கள் என்று தெரிந்தால், பிழையான ஆளுக்குப் பிழையான சம்பளம் எழுதிக் கையெழுத்திடுகிறவனுக்கு என்ன பயம்? மழையிலும் தோல்வியிலும் வந்து நிற்கிற சனத்தின் தலையில்தான் அந்த மில்லியன் கணக்கான கடன் ஏறியிருக்கிறது.

பெரியவரிடம் இதைக் கேட்டேன். வராமல் விட்டால் என்ன? அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “வராமல் விட்டால் ஆரைப் பேசுறது? வீட்டிலயிருந்து பேசினா அவங்களுக்குக் கேக்காது.”

மார்ச்

பெரியவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு பெக்ஹவுசன் மயானத்துக்குப் போனோம், மகனும் வந்தான். அங்கே 2012இல் ரசிகர்களுக்கென்றே ஒரு பகுதி திறந்தார்கள். அரங்கம் மாதிரி அமைப்பு, நடுவில் ஒரு சின்ன மைதானம், சுற்றிவர 1904 கல்லறைகள். 1904 கழகம் பிறந்த வருசம். பெரியவர் இடம் பார்க்க வந்தவர்போல மெல்லச் சுற்றிவந்தார். சீசன் ரிக்கற் மாதிரித்தான், ஆனால் வருசா வருசம் புதுப்பிக்கத் தேவையில்லை என்றார். மகன் சிரிப்பதா இல்லையா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

மே 18, ஞாயிறு

பருவத்தின் கடைசி ஆட்டம், எங்கள் அரங்கில். எல்வர்ஸ்பெர்க் 2, ஷால்கே 1.

சார்லாந்தில் பதின்மூவாயிரம் பேர் வாழ்கிற ஒரு ஊராட்சி. அந்த ஊரையே அள்ளிக்கொண்டுவந்து எங்கள் அரங்கத்தில் இருத்தினாலும் நான்கில் மூன்று பங்கு கதிரை காலியாகக் கிடக்கும். அவர்கள் மூன்றாம் இடம். ஷால்கே பதினான்காம் இடம், கழகத்தின் வரலாற்றிலேயே இதைவிடக் கீழே போனதில்லை. இம்மாத ஆரம்பத்தில், இரண்டு ஆட்டம் மீதி இருக்கையில், பயிற்றுநர் கேஸ் ஃபான் வொண்டரனையும் அனுப்பியிருந்தார்கள். ஏழு வருசம் கீழே கிடந்த ஹம்பேர்க் போன கிழமை மேலே போய்விட்டது. கொலோனும் போகிறது.

எல்வர்ஸ்பெர்க் நன்றாக விளையாடினார்கள் என்பதையும் எழுத வேண்டும். காசு குறைவு, கணக்குச் சரி, ஓடுகிற பெடியள். வடக்கு மேடையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், ஆட்டம் முழுக்க ஷால்கேக்காரரைத் திட்டியவர், எல்வர்ஸ்பெர்க்கின் இரண்டாவது கோலுக்கு இரண்டு தரம் கை தட்டினார். கூட நின்றவர் முறைத்தார். “நல்ல கோலெண்டா நல்ல கோல்தான்” என்றுவிட்டுத் திரும்பவும் திட்டத் தொடங்கினார்.

ஜூன்

புதுப் பயிற்றுநர் வந்துவிட்டார், மிரோன் முஸ்லிச். இங்கிலாந்தில் பிளிமத் அணியை விட்டு வருகிறார். பொஸ்னியாவில் பிஹாச் ஊரில் பிறந்தவர். 1992இல் யுத்தம் தொடங்க, பத்து வயதுகூட ஆகாத பிள்ளையாகக் குடும்பத்தோடு ஒஸ்திரியாவுக்கு ஓடிவந்தவர். இதை வாசித்ததும் எனக்கு ஷால்கே மேல் திடீரென்று ஒரு உரிமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோகும்போது பெரியவரிடம் முழுக் கதையையும் சொன்னேன்: எல்லை, அகதி, புது மொழி, சின்ன வயதில் இன்ஸ்புறூக்கில் பந்து. உருளைக்கிழங்கை மசித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் சரி. எங்கட பெடியளை ஓட வைப்பானோ?”

தெரியாது என்றேன். குழம்பில் உப்புக் குறைவு என்றார்.

கூட்டுறவில் ஒரு பங்கு வாங்கிவிட்டேன், மகனின் பெயரில். காசு வங்கியிலிருந்து போன கிழமை போய்விட்டது. மனைவி இன்னும் கணக்கைப் பார்க்கவில்லை.