நெப்போலியனும் ஐந்நூறு பூனைகளும்

அட்லாண்டிக் சமுத்திரத்தின் நட்டநடுவில், ஆப்பிரிக்காவிலிருந்து 1,600 கிலோமீட்டர் தள்ளி, மேப்பில் ஒரு ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற சைஸில் ஒரு தீவு இருக்கிறது. பெயர் அசென்ஷன். பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே, மொத்தம் 88 சதுர கிலோமீட்டர். நம் கோவாவைப் பிடித்தாரே அல்புகர்க், அவர் 1503-ல் அந்த வழியாகப் போனபோது, அன்றைக்கு ஏசுநாதர் விண்ணேற்றத் திருநாள். அதையே பெயராக வைத்துவிட்டுப் போய்விட்டார். இறங்கித் தங்கவெல்லாம் இல்லை. தங்குகிற மாதிரியா இருக்கிறது? எரிமலை கக்கிய கரி, சாம்பல், அணைந்துபோன பள்ளங்கள். அங்கே ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. புல்லே கிடையாது. பந்து போட வேண்டிய இடத்தில் பச்சைக்குப் பதில் பழுப்பு மண்தான்.

நான் போய் வந்தது மேப்பிலும் புத்தகத்திலும்தான். நேரில் போவது லேசில்லை. இப்போது பிரிட்டனுக்குச் சொந்தமான அந்தத் தீவில் இறங்க முன்கூட்டியே அனுமதி வேண்டும். இருக்கிற எண்ணூறு சொச்சம் பேரும் வேலை நிமித்தம் வந்தவர்கள், அவர்களுடைய குடும்பத்தார். காண்ட்ராக்ட் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அங்கேயே பிறந்து வளர்ந்தாலும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது. ஆக, 'நான் இந்த ஊர்க்காரன்' என்று மார் தட்டிக்கொள்ளக்கூடியவை பறவைகளும் கடல் ஆமைகளும்தான்.

அதிலும் ஒரு பறவை வேறெங்குமே முட்டையிடாது. அசென்ஷன் ஃப்ரிகேட் பறவை. ஃப்ரிகேட் என்றால் போர்க்கப்பல். ஏன் இந்தப் பெயர்? தொழில் அப்படி. இரண்டு மீட்டர் நீளத்துக்கு இறக்கையை விரித்து ஆகாயத்தில் மிதந்துகொண்டிருக்கும். வேறொரு பறவை பாடுபட்டு மீன் பிடித்து வந்தால் துரத்தித் துரத்தி வாயில் இருப்பதைக் கக்கவைத்துப் பிடுங்கிக்கொள்ளும். கடலை நம்பிப் பிழைக்கிற இந்த ரவுடிக்குத் தண்ணீரில் உட்காரத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. இறகு நனைந்து ஊறிவிடும், எழுந்திருக்க முடியாது. அதனால் பறந்தபடியே பறக்கும் மீனைக் கொத்திக்கொண்டு போகும். ஆணுக்குக் கழுத்தில் ஒரு சிவப்புப் பை. பெண் பார்க்கிற சமயத்தில் அதை பலூன் மாதிரி ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

முட்டை ஒன்றே ஒன்று. மரமில்லாத ஊராகையால் வெறும் தரையில்தான் இடும். குஞ்சு பறக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை தரையில் உட்கார்ந்துகொண்டு அம்மா அப்பா வருவார்களா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓடத் தெரியாது. ஓட வேண்டிய அவசியமும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக இருந்ததில்லை.

அவசியம் வந்தது நெப்போலியனால்.

1815-ல் வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியனைப் பிரிட்டிஷ்காரர்கள் செயின்ட் ஹெலினா தீவில் சிறை வைத்தார்கள். அங்கிருந்து அசென்ஷன் 1,300 கிலோமீட்டர். 'இந்தப் பக்கமாக யாராவது வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்?' என்று பயந்து, இங்கேயும் ஒரு படையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கடற்படைக் கணக்கு வழக்கில் இடம் வேண்டுமே, அதனால் தீவையே ஒரு கப்பல் என்று பதிவு செய்துகொண்டார்கள். நான் பி.காம். படித்தவன், எத்தனையோ கணக்கு ஜாலங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மலையைக் கப்பல் என்று எழுதிய கணக்குப்பிள்ளைக்கு என் நமஸ்காரம்.

படை வந்த அதே வருஷம் பூனையும் வந்தது. எலித் தொல்லைக்காக. பூனை யோசித்தது. பொந்துக்குள் ஓடுகிற எலி எங்கே, தட்டில் வைத்த மாதிரி தரையில் உட்கார்ந்திருக்கும் பறவைக் குஞ்சு எங்கே! நெப்போலியன் 1821-ல் போய்ச் சேர்ந்தார். பூனைகள் போகவில்லை. குட்டி போட்டுப் பெருகிக் காடு மேடெல்லாம் பரவின. லட்சக்கணக்கில் பறவைகள் அடைந்த சமவெளிகள் காலியாயின. எச்சம் படிந்த வெள்ளைப் பாறைகள் மட்டும், சுண்ணாம்பு அடித்துவிட்டு ஜனங்கள் காலி செய்த வீடு மாதிரி நின்றன.

ஃப்ரிகேட் பறவை அடியோடு போயிருக்க வேண்டியது. காப்பாற்றியது ஒரு பாறை. கிழக்குக் கரையிலிருந்து சுமார் 250 மீட்டர் தள்ளி, கடலில் செங்குத்தாக நிற்கும் போட்ஸ்வெய்ன்பேர்ட் தீவு. தீவு என்று சொல்வதே மரியாதைக்குத்தான், ஒரு பத்துப் பன்னிரண்டு ஏக்கர் தேறும். பூனைக்கு நீந்தி வர மனசில்லை. உலகத்திலுள்ள அத்தனை அசென்ஷன் ஃப்ரிகேட் பறவைகளும் சுமார் நூற்றைம்பது வருஷம் அந்த ஒண்டுக்குடித்தனத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு குஞ்சு பொரித்தன. சொந்த வீடு எதிரே தெரிகிறது, போக முடியாது. அந்தப் பாறைக்கு ஏதாவது ஆகியிருந்தால் மொத்த ஜாதியும் காலி.

2002-ல் ஒரு பிரிட்டிஷ் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பூனைகளைத் தீர்த்துக்கட்டும் வேலையில் இறங்கியது. விஷமும் கூண்டும் வைத்து இரண்டு வருஷத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட காட்டுப் பூனைகள் முடிக்கப்பட்டன. கடைசிப் பூனை அகப்பட்டது 2004 பிப்ரவரியில். அதற்கப்புறமும் இரண்டு வருஷம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் 2006-ல் 'இனி இல்லை' என்றார்கள்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் செல்லமாக வளர்த்த பூனைகளுக்குக் கருத்தடை செய்து, கழுத்துப் பட்டி கட்டி, தோலுக்கடியில் அடையாளச் சில்லு பதித்தும்கூட, நூற்றுக்கு 38 வீட்டுப் பூனைகள் தவறுதலாக விஷத்திலும் பொறியிலும் மாட்டிச் செத்தன. ஊரில் ஒரே கொந்தளிப்பு. இருக்காதா? பால் சோறு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் போய் ஃப்ரிகேட் பறவையின் எதிர்காலத்தைப் பற்றி யார் பேசுவது? அந்தக் காரியம் தேவைதான் என்பது என் கட்சி. அந்தக் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து அதைச் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கில்லை.

பூனை போயிற்று, பறவை வந்ததா என்றால், வரவில்லை! வேறு சில கடற்பறவைகள் சீக்கிரமே பெரிய தீவுக்குத் திரும்பிவிட்டன. ஃப்ரிகேட் மட்டும் அசையவில்லை. மேலே வட்டமடிக்கும், பார்க்கும், பாறைக்கே போய்விடும். தலைமுறை தலைமுறையாய் ஒண்டுக்குடித்தனத்தில் பழகியதற்குத் திடீரென்று பங்களா சாவியைக் கொடுத்தால் நம்புமா? 2005, 2006, 2007 என்று வருஷங்கள் போயின. 2012 கடைசியில்தான், பாறைக்கு எதிரே இருக்கும் லெட்டர்பாக்ஸ் என்ற கரைப் பகுதியில், வெறும் தரையில் இரண்டு கூடுகளைக் கண்டார்கள். டார்வின் 1836-ல் அங்கே வந்துபோன காலத்துக்கு அப்புறம் பெரிய தீவில் முட்டையிட்ட முதல் ஜோடிகள். அதன் பிறகு வருகிற ஜோடிகளின் எண்ணிக்கை ஏறத்தொடங்கியது.

அதற்காகக் கணக்கை முடித்துவிட முடியாது. அதே தீவில் வைட்அவேக் என்று இன்னொரு பறவை, ஆலா வகை. அது போடுகிற கூச்சல் ஆங்கிலத்தில் 'முழிச்சிக்கோ' என்பது போலிருக்குமாம். 1942-ல் அமெரிக்க ராணுவம் அங்கே போட்ட விமான நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். பெயரை எடுத்துக்கொண்டார்களே தவிர, பறவை 1942-க்கும் 2005-க்கும் நடுவே நூற்றுக்கு 84 பங்கு குறைந்துவிட்டது. பூனை மட்டும் காரணமில்லை. முன்பு மீன் தின்றுகொண்டிருந்தது கணவாய்க்கு மாறிவிட்டது, அதாவது கடலிலேயே சாப்பாடு மாறிப்போயிற்று. சூரை மாதிரிப் பெரிய மீன்கள் கீழேயிருந்து துரத்தினால்தான் சின்ன மீன் மேலே வரும், பறவைக்குக் கிடைக்கும். சூரையைக் கப்பல் கப்பலாக அள்ளிவிட்டால்? 2019-ல் தீவைச் சுற்றி நான்கரை லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கடல் முழுவதிலும் வணிக மீன்பிடிப்புக்குத் தடை போட்டார்கள்.

எலி இன்னும் இருக்கிறது. நம் ஊர் மைனாவும் இருக்கிறது. பூச்சி பிடிக்கட்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்டார்கள், அது ஆலா முட்டையைக் கொத்திக் குடிக்கிறது. இன்னொரு நம்மூர்ப் பரிச்சயம், சீமைக்கருவேலம். 1960-களில் கொண்டுபோய் வைத்த செடி. கழுதைகளும் ஆடுகளும் நெற்றைத் தின்று விதையை ஊரெல்லாம் பரப்ப, பறவைகளும் ஆமைகளும் முட்டையிடும் திறந்த தரையை நோக்கி முள் ஏறி வருகிறது. வெட்டிப் பார்க்கிறார்கள், மருந்து வைத்துப் பார்க்கிறார்கள். ராமநாதபுரத்துக்காரர் யாராவது அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்: "மேலாக வெட்டினா துளிர்க்கும் சார், வேரோட எடுங்க!"