பிணிக்கிடையே ஒரு பணி

திருக்குறளின் 95ஆவது அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர். இவற்றுள் நோயுற்றவரை முதலில் வைத்திருப்பது நம் சிந்தனைக்குரியது. மருந்தை ஏற்றுக்கொண்டு கிடப்பவராக மட்டுமன்றி, மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே அவரை வள்ளுவர் கருதினார். அவ்வாறாயின், படுக்கையில் இருப்பவர் செய்யத்தக்க பணி யாது? வகுப்பறையில் இக்குறளை ஆண்டுதோறும் விளக்கிவந்த நமக்கு, இவ்வினாவின் விடையை வாழ்ந்து காட்டியவர் நம் தமக்கையார்.

2018ஆம் ஆண்டில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவைக்குப் பின் 21 நாளுக்கு ஒருமுறையாக 8 முறை கீமோதெரபி மருந்தேற்ற வேண்டும் என்றனர் மருத்துவர். அன்பின் மிகுதியால் உறவினர் கூறிய அறிவுரை ஒன்றே: "ஒன்னும் செய்யாம படுத்திருங்க." தமக்கையாரோ இளமை முதல் சாயமேற்றிய பனையோலையில் கொட்டான் முடைவதில் கைதேர்ந்தவர். "படுத்தே கிடந்தா அந்த நோயைத் தவிர நினைக்க வேற என்ன இருக்கு, தம்பி?" என்று நம்மிடம் கேட்டார். நம்மிடம் மறுமொழி இல்லை.

அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை; கணக்கிட்டுச் செயற்பட்டார். மருந்தேறிய முதல் வாரம் குமட்டலும் சோர்வும் மிகும். அப்போது ஓலையைத் தொடமாட்டார். இரண்டாம் வாரத்தில் இரத்த வெள்ளணுக்கள் குறைந்து, சிறு கீறலும் தொற்றுக்கு வழிவகுக்கும். ஆகவே கத்தியை எடுக்கமாட்டார். மூன்றாம் வாரம் அவருடையது. ஐந்தாம் முறையிலிருந்து மருந்து மாறியது. விரல் நுனிகள் மரத்துப்போயின. பாக்ளிடாக்சல் என்னும் அம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு அது. மெல்லிய ஓலை கைக்கு அகப்படவில்லை. அன்று அவர் கண்கள் கலங்கியதை நாம் கண்டோம். மறுநாள் மகளை அழைத்து ஓலையை அகலமாக வகிர்ந்து தரச் சொன்னார். நுண்ணிய பூவேலைப்பாடு இல்லாத பெரிய பெட்டிகள் உருவாயின. கலை குறையவில்லை, வடிவம் மாறியது.

இதே வழியை உலகறிந்த ஓவியர் ஒருவரும் மேற்கொண்டார். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941இல், தம் 71ஆம் வயதில், வயிற்றுப் பகுதிப் புற்றுநோய்க்காக லியோன் நகரில் அறுவை செய்துகொண்டார். அதன் பின்னர் நெடுநேரம் நின்று தீட்டும் வலிமை அவருக்கு இல்லை. உதவியாளர் தாள்களில் வண்ணம் பூசித்தர, அவர் சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தவாறே அவற்றைக் கத்தரித்து உருவங்கள் அமைத்தார். 1947இல் வெளிவந்த 'ஜாஸ்' என்னும் நூல் அவ்வகையில் பிறந்ததே. 1954இல் மறையும் வரை அப்பணி நின்றதில்லை. கையால் இயன்றதைக் கலையாக்கிக்கொண்டார் அவர்.

இசையும் தமக்கையாருக்குத் துணைநின்றது. நாகூர் ஹனீபாவின் பாடல்கள் என்றால் அவருக்கு உயிர். ஆயினும் மருந்தேற்றும் நாளில் அவற்றைக் கேட்க மறுத்துவிட்டார். "இங்கே கேட்டா, அப்புறம் வீட்ல கேக்கும்போதும் இந்த வாடைதான் வரும்" என்றார். குமட்டலோடு சேர்ந்து நுகரப்படும் மணமும் சுவையும் ஒலியும் பின்னாளில் தாமே குமட்டலைத் தூண்டக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. அதனை அவர் அனுபவத்தால் உணர்ந்திருந்தார். மருத்துவமனையில் பழக்கமில்லாத வீணையிசை, வீட்டில் ஹனீபா. இவ்வாறு தம் விருப்பத்தை நோயின் நிழல் படாமல் காத்துக்கொண்டார்.

பிணியாளர்க்கு இசை வழங்குவது புதுமையன்று. துருக்கியின் எதிர்னே நகரில் 1488இல் கட்டிமுடிக்கப்பெற்ற இரண்டாம் பாயசீத் சுல்தானின் மருத்துவமனையில் இசைவாணர்கள் நோயாளர்க்கு இசைத்ததை 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதியுள்ளார். அண்மையில், 2021இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, புற்றுநோயாளர் 5,576 பேர் பங்கேற்ற 81 ஆய்வுகளை ஆராய்ந்து, இசை பெரியோரிடம் கலக்கத்தையும் வலியையும் சோர்வையும் தணிக்கக்கூடும் எனக் கூறுகிறது. சான்றுகளின் உறுதி குறைவு என்பதையும் மறைக்கவில்லை. சிகிச்சைக் காலத்தில் உடற்பயிற்சியையும் மருத்துவர் இன்று பரிந்துரைக்கின்றனர். எனினும் ஒன்றை ஐயமறக் கூறவேண்டும்: ஓலையும் இசையும் புற்றைக் கரைப்பதில்லை. கரைப்பது மருத்துவமே. மருந்தை விடுத்து இவற்றை நாடுவோர் பேரிழப்பை அடைவர்.

பின் இவற்றால் பயன் யாது? நோய் ஒருவரின் உடலைக் கைக்கொள்ளும்போது, அவருடைய நாளையும் சேர்த்தே கைக்கொள்கிறது. ஊசிக்கு ஒரு நேரம், மாத்திரைக்கு ஒரு நேரம் என எல்லாம் பிறர் வகுத்தவை. அவற்றுக்கிடையே ஒரு நாழிகையேனும் தாம் வகுத்ததாக இருந்தால், அந்நாழிகையில் அவர் நோயாளி அல்லர். கொட்டான் முடைபவர், பாடல் கேட்பவர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் எவரேனும் இப்பிணியால் வாடினால், பழங்களோடு நின்றுவிடாதீர்கள். அவர் கைகள் முன்பு எதை விரும்பிச் செய்தன என்று கேளுங்கள். மருத்துவரின் ஒப்புதலோடு அதில் இயன்ற பகுதியை அவர் கையில் கொடுத்து, இயலாத பகுதியை நீங்கள் செய்யுங்கள். வள்ளுவர் கூறிய நான்காம் கூறு, அருகிருந்து பணிசெய்பவர், நீங்களே.