டயரின் சுவரில் எழுதியிருப்பது

சித்தூர் - திருப்பதி மலைச் சாலைகளில் ஓடும் பிக்கப் வண்டிக்கு எந்த டயர் என்பது விலை பற்றிய கேள்வி மட்டுமல்ல.

ஜூன் பிறந்துவிட்டால் சித்தூர் சாலைகளில் மாங்காய் வாசனை. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் ஆந்திரத்தில் தோத்தாபுரி என்றும் அழைக்கப்படும் காய்களைச் சுமந்துகொண்டு டிராக்டர்களும் பிக்கப் வண்டிகளும் மாங்கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் வரிசை கட்டுகின்றன. 2025ல் விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. தொழிற்சாலைகள் தரவேண்டியது 8 ரூபாய், அரசின் பங்கு 4 ரூபாய். சரக்கின் விலையே இப்படி என்றால் அதைச் சுமக்கும் வண்டிக்கு என்ன வாடகை கிடைத்துவிடும்? அந்த வாடகையிலிருந்துதான் டயர் வாங்க வேண்டும். வாடகை குறையும்போது பாரம் கூடுகிறது. தேய்ந்த டயரை மாற்றும் நாளும் தள்ளிப்போகிறது.

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கி.மீ. இந்தச் சாலையில் பெரிய சிரமம் இல்லை. சிரமமெல்லாம் அதிலிருந்து பிரியும் மலைகளில்தான். சித்தூருக்கு மேற்கே பலமனேர் போகும் வழியில் மொகிலி கனுமா. தெலுங்கில் கனுமா என்பது நம் கணவாய். திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி செல்லும் வழியில் பாகராபேட்டை கனுமா. திருப்பதிக்கு நேர் மேலே திருமலை.

இந்த மாவட்டங்களின் நில அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. விளைச்சல் மேட்டில், சந்தை பள்ளத்தில். சென்னை கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியில் கணிசமான பகுதி பலமனேர், மதனப்பள்ளி மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வருவது. அதாவது, வண்டி காலியாக ஏறுகிறது, முழு பாரத்தோடு இறங்குகிறது. பிரேக்குக்கும் டயருக்கும் இதைவிடக் கடினமான வேலை இல்லை. 2022 மார்ச்சில் பாகராபேட்டை கணவாயில், நிச்சயதார்த்தத்துக்குப் போன குடும்பத்தினரின் பேருந்து பள்ளத்தில் விழுந்தது. 2024 செப்டம்பரில் மொகிலி கணவாயில் பேருந்தும் லாரிகளும் மோதின. இரண்டிலும் பல உயிர்கள் போயின. இந்தச் சரிவுகளில் சிறு பிழைக்கும் இடமில்லை.

டயர் கடைக்கு வரும் வண்டிக்காரர் முதலில் பார்ப்பது பட்டனை. டயரின் மேற்பரப்பில் வெட்டியதுபோல் நிற்கும் ரப்பர் கட்டிகளுக்குத்தான் அந்தப் பெயர். பட்டன் ஆழமாக இருந்தால் நல்ல டயர், அடுத்த கேள்வி விலை. அவருக்கு முன் மூன்று வழிகள்: புது டயர், தேய்ந்த உடலின் மேல் புதிய ரப்பர் ஒட்டிய ரீட்ரேட் டயர், வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய டயர். மூன்றிலும் பட்டன் ஆழமாக இருக்க முடியும். பட்டனை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் எழுதப்பட்டிருப்பது டயரின் பக்கச் சுவரில். தமிழுமல்ல, தெலுங்குமல்ல, முழு ஆங்கிலமும் அல்ல. எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு சுருக்கெழுத்து. ஒருமுறை பெயர்த்துச் சொல்லிவிட்டால் பள்ளிப் பிள்ளைகூடப் படித்துவிடலாம்.

டாடா நிறுவனம் 2005ல் அறிமுகப்படுத்திய ஏஸ் வண்டியை - நம்மூர் குட்டியானையை - எடுத்துக்கொள்வோம். அதன் டயரில் '145 ஆர் 12 எல்டி' என்றிருக்கும். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 'ஆர்' என்றால் ரேடியல். 12 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 'எல்டி' என்றால் இலகு ரக சரக்கு வண்டிக்கானது. இந்தக் கடைசி இரண்டு எழுத்துகள் இல்லாத கார் டயர், அளவு ஒத்துப்போனாலும் சரக்கு வண்டிக்கு ஆகாது. அதன் சுவர் அத்தனை காற்றழுத்தத்தையும் பாரத்தையும் தாங்கும்படி கட்டப்பட்டதல்ல. அடுத்து '8 பிஆர்' என்பது போன்ற குறி. ஒரு காலத்தில் டயருக்குள் இருந்த பருத்தித் துணி அடுக்குகளின் எண்ணிக்கை அது. இன்று அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை, வலிமையின் அளவுகோலாக எண் மட்டும் தங்கிவிட்டது.

மிக முக்கியமானது பார எண். பெரிய பிக்கப் டயர் ஒன்றில் 102/100 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைச் சக்கரமாகப் பொருத்தினால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும், இரட்டைச் சக்கரமாக என்றால் 800 கிலோ என்பது இதன் பொருள். நான்கு டயருக்கு 3,400 கிலோ. வண்டியின் சொந்த எடை 1,700 கிலோ என்றால் மீதி 1,700 கிலோ சரக்கு ஏற்றலாம் என்று கணக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் பாரம் நான்கு டயருக்கும் சமமாகப் பிரிவதில்லை. பிக்கப் வண்டியில் சரக்கின் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல்தான் அமர்கிறது. இரண்டு டன் மாங்காய் ஏற்றி, அதில் முக்கால் பங்கு பின்னால் இறங்கினால் 1,500 கிலோ. வண்டியின் எடையில் பின்பக்கப் பங்கு 750 கிலோ என்று சேர்த்தால் 2,250. பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து தாங்கக்கூடியது 1,700 கிலோ. மீதமுள்ள 550 கிலோவை டயர் தன் ஆயுளிலிருந்து சுமக்கிறது.

வயதையும் சுவரே சொல்கிறது. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 1424 என்றால் 2024ஆம் ஆண்டின் 14வது வாரத்தில் தயாரானது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து வருடம் தாண்டியதை எறிந்துவிடவும் டயர் நிறுவனங்களே சொல்கின்றன. சித்தூர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அந்தப் பத்தை எட்டாமலிருப்பதே நல்லது. கழற்றிய டயருக்குக் கறுப்பு வண்ணம் அடித்து விற்பவர் பட்டனைப் பளபளக்க வைத்துவிடலாம், இந்த நான்கு இலக்கத்தை மாற்றுவது எளிதல்ல. அருகிலேயே ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாகன டயர்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் ஆணை 2009ல் வந்தது. பட்டன்களுக்கு இடையே உள்ள சிறு மேடு தேய்மானக் குறி. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர்தான். சட்டமும் அந்த இடத்தில் கோடு கிழிக்கிறது.

ரேடியலா, பழைய பாணி நைலானா என்பது ஓடும் தடத்தைப் பொறுத்தது. ரேடியல் குறைவாகச் சூடாகும், டீசலும் மிச்சம். ஆனால் அதன் பக்கச் சுவர் கூர்மையான கல்லுக்கு எளிதில் கிழியும். குப்பம் பக்கத்துக் கிரானைட் குவாரிகளுக்குள் போய்வரும் வண்டிக்காரர் நைலானை விடாமல் வைத்திருப்பதில் நியாயம் உண்டு. தார்ச் சாலையில் தக்காளி ஏற்றுபவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. இரண்டையும் ஒரே அச்சில் கலந்து போடுவது யாருக்கும் பொருந்தாது.

திருமலைப் பாதை இன்னொரு பாடம். 1944ல் திறந்த முதல் பாதை இன்று இறங்குவதற்கு, 1974ல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. இறங்கும் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிகள் பறந்துவிடாமல் இருக்க, ஏறக் குறைந்தது 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று தேவஸ்தானம் விதி வைத்தது. இறங்குவதற்குத்தான் அதிக நேரம் என்பதைக் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கின் சூடு சக்கரத்துக்கும், அங்கிருந்து டயருக்கும் பரவுகிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து தானே இன்னும் சூட்டை உண்டாக்குகிறது. டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். எனவே காற்றைப் பார்க்க வேண்டியது விடியற்காலையில், வண்டி கிளம்பும் முன். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது வெடிப்புக்கு வழி செய்வதாகும்.

இரண்டு புது டயர் மட்டுமே வாங்க முடிந்தால் எங்கே போடுவது? முன்னால் என்பது ஓட்டுநர் மரபு. முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் இழுக்கும் என்ற அச்சம். பின்னால் என்பது டயர் நிறுவனங்களின் பொதுவான அறிவுரை. ஈரச் சாலையில் தேய்ந்த பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளம் சூழ்ந்ததையும், டிசம்பர் முதல் நாள் பாறைகள் உருண்டு ஏறும் மலைப்பாதை சிதைந்ததையும் நினைத்துப் பார்த்தால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டாவது வாதத்துக்கு எடை கூடுகிறது. இரு தரப்பும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்றுண்டு: ரீட்ரேட் டயரை முன்னால் போடாதே. உடல் கெடாத டயரில், நல்ல பட்டறையில் ஒட்டிய ரீட்ரேட் சமவெளியில், பின்சக்கரத்தில், அளவான பாரத்தோடு நன்றாகவே உழைக்கும். இந்த மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துத்தான் அது மலிவு.

இந்த வட்டாரத்துக்கு டயர் அன்னியப் பொருளல்ல. 1960 எல்லை மாற்றத்தில் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போன சத்தியவேட்டை அடுத்து, சின்னபாண்டூருவில் அப்பல்லோ நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. 2018ல் அடிக்கல், 2020ல் உற்பத்தி. அப்போது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்தபின் திருப்பதி மாவட்டம். தொழிற்சாலை அருகில் இருப்பதால் விலை குறைந்துவிடவில்லை. குறைத்தது வரி. புது டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். வரிக்கு முன் 10,000 ரூபாய் பெறும் டயருக்கு 1,000 ரூபாய் மிச்சம். கழற்றிய பழைய டயரைத் தேடுகிறவர் ஒருமுறை மறுகணக்குப் போட்டுப் பார்க்க இது போதுமான தொகை.

ஆனால் மிச்சம் பிடிப்பதற்கும் எல்லை உண்டு. நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசும்வரை, 500 கிலோ கூடுதலாக ஏற்றுவதால் லாபம் சரக்குக்காரருக்கு. டயர் செலவு வண்டிக்காரருக்கு. மொகிலி இறக்கத்தில் ஆபத்து, ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கும் எதிரே ஏறி வருபவருக்கும். வாடகையை எடைக்கு ஏற்பப் பேசினால் இந்தக் கணக்கு ஓரளவு நேராகும். அதற்கு முன் வண்டிக்காரர் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. கடையில் பட்டனைத் தடவிப் பார்த்த கையோடு, டயரைச் சற்றுத் திருப்பச் சொல்லி, பார எண்ணையும் அந்த நான்கு இலக்கத்தையும் படித்துவிட்டு, பிறகு விலை கேட்பது.