பூனையின் ஒருசந்தி

கல்வராயன் மலைப் பணித்தளத்திலிருந்து மாற்றலாகிக் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பங்கு ஒன்றுக்கு நாம் இறங்கி வந்தபோது நம்மோடு வந்த உடைமைகள் இரண்டு பெட்டிப் புத்தகங்களும் ஒரு பூனையுமே. வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில், சாமை மூட்டைகளுக்கு நடுவே எலி பிடித்து வளர்ந்த பூனை அது. பீடச் சிறுவர்கள் மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள்: கோமுகி.

சமவெளிக்கு வந்த ஓராண்டுக்குள் கோமுகியின் கழுத்தும் காதோரமும் புண்ணாயின. இரவெல்லாம் சொறிந்தது. முகத்தில் உரோமம் உதிர்ந்து, பொருக்குத் தட்டியது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் உண்டதைக் கக்கியது. குருமனைக்கு வந்தோர் யாவரும் மருத்துவராயினர். ஒருவர் சொன்னபடி வேப்பெண்ணெய் தடவினோம். பூனை தன் உடலைத் தானே நக்கித் தூய்மை செய்யும் பிராணி என்பதை மறந்த குற்றம் நம்முடையது. எண்ணெயை நக்கிவிட்டு ஒரு பகல் முழுதும் எச்சில் வடித்துக்கொண்டு கிடந்தது. அன்று மாலைதான் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம்.

அவர் இளைஞர், நிதானி. முதலில் உணவைப் பற்றிப் பேசவே மறுத்தார். பூனைகளுக்கு வரும் அரிப்பில் தெள்ளுப்பூச்சியின் கடியே பெரும்பாலும் காரணம். அதன் பின் சொறி உண்ணி. இவ்விரண்டையும் விலக்காமல் உணவைக் குறை கூறுவது முறையன்று என்றார். ஒரு மாதம் அதற்கே மருந்திட்டோம். அரிப்பு நின்றபாடில்லை. "இனி உணவைச் சோதிக்கலாம், ஃபாதர்" என்றார். இரத்தப் பரிசோதனையில் கண்டுவிடலாகாதா என்று கேட்டோம். உணவு ஒவ்வாமைக்கு அப்பரிசோதனைகள் நம்பத்தக்கவை அல்ல என்றும், ஒரே வழி விலக்குணவு என்றும் விளக்கினார். அதாவது, பூனை இதுவரை தின்றேயிராத ஓர் இறைச்சியை மட்டும் எட்டு வாரம் கொடுப்பது. வேறொன்றும் வாயில் படலாகாது. 2015-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி ஆறு வாரத்தில் ஒவ்வாமையுள்ள பூனைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணம் காட்டும். எட்டு வாரத்தில் தொண்ணூறுக்கு மேல். குணம் கண்டபின் பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். எது வரும்போது அரிப்பும் வருகிறதோ அதுவே குற்றவாளி.

கேட்பதற்கு எளிது. எதைக் கொடுப்பது என்பதில்தான் நமது இறையியல் படிப்பெல்லாம் திணறியது. கோமுகி தின்ற யாவற்றையும் எழுதிவரச் சொன்னார் மருத்துவர். நாமும் சமையலம்மாவும் அமர்ந்து எழுதினோம். மறந்த பாவங்களை நினைவூட்டிக்கொள்ளும் பாவசங்கீர்த்தன ஆயத்தம் போலவே இருந்தது அது. கோழி, முட்டை, பால், தயிர்ச்சோறு, கடலூர்ப் பக்கமிருந்து வரும் மீன், கருவாடு, திருவிழாப் பிரியாணியில் ஆட்டுக்கறி என்று பட்டியல் நீண்டது. நமக்குத் தெரிந்தவை இவை. கோயில் தெருவில் பத்து வீடுகளில் அது விருந்தாளி என்பதையும் சேர்த்துக்கொள்க.

பட்டியலைப் பார்த்து மருத்துவர் ஒவ்வொன்றாக அடித்தார். காடையும் வாத்தும் பறவைகளே. கோழி ஒவ்வாவிடில் அவையும் ஒவ்வாமற் போகலாம். மாட்டிறைச்சி ஆகாது, பூனைகளின் ஒவ்வாமைக்குக் காரணமானவற்றுள் அதுவே முதலிடம் என்றும் (2016-இல் 78 பூனைகளைப் பற்றிய தொகுப்பில் மாட்டிறைச்சி 18 விழுக்காடு, மீன் 17, கோழி 5), பால் குடித்த பூனைக்கு மாட்டின் புரதம் புதிதன்று என்றும் சொன்னார். கடையில் விற்கும் மூட்டைத் தீவனத்தில் உறைமேல் எழுதாத இறைச்சியும் கலந்திருப்பது உண்டாம். புரதத்தைச் சிறு துணுக்குகளாகச் சிதைத்துச் செய்யும் சிறப்புத் தீவனமோ நமது கைக்கு எட்டாத விலை. எஞ்சியவை முயலும் வெண்பன்றியும். முயற்கறி நாள்தோறும் கிடைக்காது. பன்றி இறைச்சி ஆட்டுக்கறியினும் மலிவு. பண்ணையில் வாரந்தோறும் கிடைக்கும். பன்றியே தேர்வாயிற்று.

சமையலம்மா பன்றியைத் தொட மறுத்துவிட்டார்கள். "சாமி, அந்தச் சட்டி அடுப்படிக்கு வந்தா நான் வரமாட்டேங்க." அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பின்கட்டில் தனி அடுப்பு மூட்டி நாமே வேகவைத்தோம். உப்பில்லை, வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதியைக் கெடுக்கும் நஞ்சாகையால் அவையும் இல்லை. புழு நீங்க நன்றாக வேக வேண்டும். வெறும் இறைச்சி மட்டும் போதாதென்று சுண்ணாம்புச் சத்தும் டாரின் என்னும் பொருளும் அளந்து கலக்கத் தந்தார் மருத்துவர். பூனையின் உடல் டாரினைத் தேவைக்குத் தானே ஆக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் இதயம் தளர்ந்து விரியும். 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்பாரும் உடனுழைத்தோரும் இதைக் கண்டு வெளியிட்டபின்தான் உலகமெங்கும் பூனைத் தீவனங்களில் டாரினைக் கூட்டினர். பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று எண்ணவும் கூடாது. சில நாள் உண்ணாதிருந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஊறாகும். சைவம் அதற்கு அறமன்று. படைத்தவர் அப்படிப் படைத்தார்.

சாம்பல் புதனுக்கு இரு வாரம் முன்பு தொடங்கினோம். கோமுகியை அறையில் அடைத்தோம். பத்து நாளில் கக்குதல் நின்றது. மூன்றாம் வாரம் காதோரப் புண் காய்ந்தது.

ஒரு மாலை உபதேசியார் பின்கட்டுக்கு வந்தார். அடுப்பையும் சட்டியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "மலைமேல நம்ம சனங்க திருநாளுக்குத்தான் கறி பாக்குறாங்க. பூனைக்கு நித்தம் கறிங்களா, சாமி?" என்றார். கோபம் இல்லை அக்குரலில். இருந்திருந்தால் பதில் சொல்வது எளிதாயிருக்கும். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளிடம் கனிவு காட்டுவது மனிதரின் கடன் என்று கூறி, புனித அசிசி பிரான்சிசையும் புனித பிலிப்பு நேரியையும் நினைவூட்டுகிறது (எண் 2416). இரண்டு எண் தள்ளி, மனிதரின் துயர் நீக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் கூறுகிறது. முன்னதை உபதேசியாருக்குச் சொல்ல வாயெடுத்து, பின்னது நினைவுக்கு வந்ததால் அடங்கினோம். அந்தத் தவக்காலம் முழுதும் நமது தட்டில் கறி வேண்டாமென்று நிறுத்தி, அதற்கான செலவில் பூனையின் செலவைக் கட்டினோம். அது அவருக்கு விடையாகுமா என்று கேட்டால், ஆகாது. ஏனெனில் அந்தப் பணமும் மலைக்குப் போயிருக்கலாம். இக்கணக்கு இன்றும் நேராகவில்லை.

தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி. சுத்தபோசன நாளாகையால் பகல் உணவுக்கு மீன்குழம்பு. நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொண்டுசெல்ல அழைப்பு வந்ததும், தட்டை மேசைமேலேயே விட்டுக் கிளம்பினோம். கதவைச் சாத்த மறந்தோம். திரும்பி வந்தபோது தட்டு பளபளவென்றிருந்தது. பக்கத்தில் கோமுகி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. நமது சுத்தபோசனமே அதன் ஒருசந்தியை முறித்தது! திங்களன்று அரிப்பு திரும்பிற்று. இது குறிப்புதான், சான்றன்று. குழம்பில் மீனும் உண்டு, வெங்காயமும் புளியும் உண்டு என்றார் மருத்துவர். எட்டு வாரத்தை முதலிலிருந்து எண்ணச் சொன்னார். பத்து வீட்டாரையும் சந்தேகித்து, ஞாயிறு அறிவிப்பில்கூட "யாரும் பூனைக்கு எதுவும் போடவேண்டாம்" என்று சொல்லியிருந்த நமக்கு அந்தத் தட்டைக் கழுவும்போது முகம் சுட்டது.

பாஸ்கா கடந்து மூன்றாம் வாரம் எட்டு வாரமும் நிறைந்தது. உரோமம் முளைத்துவிட்டது. முதலில் கோழி, பதினான்கு நாள். ஒரு கேடும் இல்லை. பின்பு அவித்த மீன், உப்பும் புளியும் இன்றி. நான்காம் நாள் இரவு, கட்டிலின் கீழ் அந்தப் பழைய சொறியும் ஓசை. மலையில் இருந்தவரை கடல்மீனை அறியாத பூனை அது. பல முறை உண்டு பழகிய பொருளே பின்னர் ஒவ்வாமற் போவதுதான் இந்நோயின் இயல்பாம். மீனை நிறுத்தினோம். பூனையைப் பார்த்ததும் மீனை எடுக்கும் நமது மக்களுக்கு இதைப் புரியவைக்க இன்னும் பாடுபடுகிறோம்.

அந்த வாரங்களில் ஒருமுறை மருத்துவர் சொன்னது நம்மை உறங்கவிடவில்லை. "ஒரே நேரத்தில் நாலை மாத்தினா, எது குணமாக்குச்சு, எது கெடுத்துச்சு, எதுவும் தெரியாது, ஃபாதர்." இப்பங்குக்கு வந்த முதல் மாதத்திலேயே நாம் ஞாயிறு திருப்பலி நேரத்தை எட்டிலிருந்து ஆறரைக்கு மாற்றினோம், பாடகர் குழுவைக் கலைத்து அமைத்தோம், திருவிழாக் குழுவின் பொறுப்பிலிருந்து மூத்தவர் சிலரை விடுவித்தோம். அதன்பின் சில குடும்பங்கள் வரவில்லை. அவர்களுள் ஒரு பெரியவர், கோமுகி அணைப் பக்கத்தவர், முப்பது ஆண்டு திருவிழாக் கொடியைச் சுமந்தவர். பதவி போன வருத்தம் என்று நாமே தீர்ப்பெழுதி, ஒருமுறைகூட அவர் வீட்டுப் படியேறாமல் இருந்தோம்.

விண்ணேற்ற விழாவுக்கு அடுத்த நாள் சென்றோம். திண்ணையில் பாய் விரித்தார். நேரே கேட்டுவிட்டோம்: குழுவிலிருந்து நீக்கியதால்தானே, பெரியவரே?

அவர் சிரித்தார். "அதுல எனக்குப் பாரம் கொறஞ்சுதுங்க சாமி. ஆறரைப் பூசைக்கு இங்கேருந்து பஸ்ஸே கெடையாது. மலை பஸ்ஸு இந்தப் பக்கம் வரும்போதே மணி ஏழு. சாமிகிட்ட சொல்லலாம்னா, சாமி கோவக்காரர்னு சொன்னாங்க."

பாடகர் குழுவைத் தொடவில்லை. திருவிழாக் குழுவையும் தொடவில்லை. திருப்பலி நேரத்தை மட்டும் எட்டு மணிக்கே திருப்பினோம். முதல் ஞாயிறு யாரும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு, வாசகம் முடிந்து மறையுரைக்கு நாம் எழுந்த வேளையில், பெரியவர் மனைவியோடும் மலையிலிருந்து வந்த ஏழெட்டுப் பேரோடும் பின்வாசல் வழியாக நுழைந்து, தூணோரம் அமர்ந்தார். அவர்களுக்குப் பின்னால், அறைக்கதவை மறுபடியும் சாத்த மறந்திருந்தபடியால், கோமுகியும் வந்தது.