சீனத்துத் தண்டனையும் தஞ்சைத் தண்டனையும்

மேட்டூர்க்காரர்களுக்குத் தஞ்சாவூர் என்றால் தண்ணி போற ஊர். 1934இல் அணை திறந்ததிலிருந்து எங்க ஊர் மதகைப் பார்த்துத்தான் அங்கே குறுவை. அந்தத் தஞ்சாவூர் அரண்மனையைப் பார்க்கப் போயிருந்தேன். கீழத்தஞ்சைத் தோழர் ஒருவரின் அம்மாவும் கூட வந்தார். எண்பதைத் தாண்டியவர். காலமெல்லாம் நடவு நட்ட கை.

சரஸ்வதி மகால் நூலகத்தை நாயக்க மன்னர்கள் தொடங்கினார்கள். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798-1832) பெருக்கினார். 1918இல் பொதுமக்களுக்கானது. அதன் காட்சிக்கூடத்தில் சீனத் தண்டனைப் படங்களை மாட்டியிருக்கிறார்கள். பேரரசர் ஆட்சியில் மனித உடம்பை என்னவெல்லாம் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்த வாத்தியார், "பாத்தீங்களாடா, சீனாக்காரன் எவ்வளவு ஈவு இரக்கமில்லாதவன்னு" என்றார்.

அம்மா என் காதருகே கேட்டார்: "எங்கப்பாவுக்குச் சாணிப்பால் ஊத்துனாங்களே தம்பி, அந்தப் படம் எந்த ரூம்புல இருக்கு?"

நான் பார்த்த எந்த அறையிலும் இல்லை.

சீனத்தில் அது அரசின் சட்டம். மூங்கில் கழியால் எத்தனை அடி, கழுத்தில் மரப்பலகை எத்தனை நாள் என்று எழுதிவைத்து வதைத்தார்கள். கொடுமைதான். ஆனால் எழுதிவைத்ததை அழிக்கவும் ஒரு தேதி உண்டு. உயிரோடு அறுத்துக் கொல்லும் தண்டனையை 1905இல் நீக்கினார்கள். கீழத்தஞ்சையில் எங்கள் சனத்தை அடிக்க எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்று. பண்ணையார் களத்துமேடே கச்சேரி. சேரியில் பிறந்ததே குற்றம். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை, அதனால் படமும் இல்லை.

1943இல் அங்கே போன பி. சீனிவாசராவும் தோழர்களும் சேரி சேரியாகச் சங்கம் கட்டிய பிறகுதான் சவுக்கு பிடித்த கை இறங்கியது. ஓய்ந்துவிடவில்லை. கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்த வழக்கில் பண்ணையார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

அரண்மனை அடுத்த நாட்டுக் கொடுமையைத்தான் கண்ணாடி போட்டு மாட்டும். பார்க்கிறவன் தன் ஊர் யோக்கியமானது என்று நம்பி வீட்டுக்குப் போகலாம். நம்முடைய காட்சிக்கூடத்தை நாம்தான் கட்டவேண்டும். சவுக்கு எதால் திரித்தது, கையைக் காலைப் பிடித்துக்கொண்டது யார், சாணிப்பால் குடித்தவர் மறுநாள் வயலுக்குப் போனாரா? அப்பா சொன்னதை அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறோம். ஓவியம் தெரிந்த தோழர்கள் வரவேண்டும். அவர் வயதுக்காரர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?